பரு முகத்துக்காரர் கதாநாயகன் ஆன கதை



நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷா வருஷம் நாடகம் போடுவார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பே ஒத்திகை ஆரம்பமாகிவிடும். அதிலே வேஷம் பிரிக்கிற நாள்தான் பெரிய நாள். கீழ் லயத்தில் ஓர் அண்ணன் இருந்தார். அவர் பாட ஆரம்பித்தால் பெரட்டுக் களத்தில் நிற்கிறவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஆனால் ஆள் நல்ல கறுப்பு. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. வேஷம் பிரித்த பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். ராஜா வேஷத்தை ஸ்டோரில் வேலை பார்த்த ஒரு சிவப்பான பையனுக்குக் கொடுத்தார். அந்தப் பையனுக்குப் பாட்டு வராது. அதனால் அண்ணனைத் திரைக்குப் பின்னால் நின்று பாடச் சொன்னார்கள். நடுவில் ஒரு காட்சியில் அரக்கனாக வந்து அடிபட்டுச் சாகவும் சொன்னார்கள்.

அரக்கனுக்கு மை பூசுகிற செலவு மிச்சம் என்று யாரோ சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும்தான் சிரித்தோம். அடுத்த வருஷம் அந்த அண்ணன் ஒத்திகைப் பக்கமே தலைகாட்டவில்லை. பிறகு அவர் பாடி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பி. ரம்லியின் வாழ்க்கையைப் படித்தபோது எங்களுக்கு அந்த அண்ணன் ஞாபகம்தான் வந்தது. ஏனென்றால், இந்த நாடே கொண்டாடுகிற அந்த மாபெரும் கலைஞருக்கும் சினிமாவில் முதன்முதலில் கிடைத்தவை அதே இரண்டு வேலைகள்தான். கதாநாயகனுக்குக் குரல் கொடுப்பது ஒன்று. வில்லனாக முகம் காட்டுவது இன்னொன்று. ரம்லியைப் பற்றி நமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். அவருடைய படங்களை டிவியில் பார்த்து நாமும் வயிறு குலுங்கச் சிரித்திருக்கிறோம். ஆனால் மூஞ்சி சரியில்லை என்று ஒதுக்கி வைக்கப்பட்ட ஓர் இளைஞன் எப்படி மேலே வந்தான் என்பதை நம்மில் பலர் அறிய மாட்டோம். அதைத்தான் இந்த வாரம் சொல்லப்போகிறோம்.

கப்பல்காரர் மகன்

ரம்லி 1929-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் தேதி பினாங்கில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தெயுக்கு சக்காரியா. தகப்பனார் தெயுக்கு ஞாக் புத்தே, சுமத்ராவின் அச்சே பகுதியிலிருந்து பினாங்குக்கு வந்து குடியேறியவர். கப்பலில் வேலை பார்த்தவர். தாயார் சே மா, பட்டர்வொர்த் பக்கத்துக் கிராமத்துப் பெண். பிள்ளை தலையெடுத்து மேடையில் பாட ஆரம்பித்ததும் ரம்லி என்று பெயர் வைத்துக்கொண்டான். தகப்பனார் பெயரான புத்தே என்பதன் முதல் எழுத்தை முன்னால் போட்டுப் பி. ரம்லி ஆனான். நாம் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொள்கிறோமே, அதே வழக்கம்தான்.

வசதியான குடும்பம் இல்லை. மலாய்ப் பள்ளியிலும் பிறகு ஆங்கிலப் பள்ளியிலும் படித்தார். இடையிலே ஜப்பான்காரன் வந்துவிட்டான். படிப்பு நின்றது. ஜப்பானியர் நடத்திய கடற்படைப் பள்ளியில் கொஞ்ச நாள் இருந்தார். அந்தக் கஷ்ட காலத்திலும் இசையை அவர் விடவில்லை. பினாங்கு வாத்தியக் குழுவை நடத்திய ஒருவரிடம் முறையாக இசை கற்றார். வயலின் வாசித்தார், பியானோ வாசித்தார், பாட்டுக் கட்டினார். சண்டை முடிந்த பிறகு பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டிகளில் வருஷா வருஷம் கலந்துகொண்டார். 1945-இல் மூன்றாம் இடம். அடுத்த வருஷம் இரண்டாம் இடம். 1947-இல் முதல் பரிசு. ஒரு படி, இரண்டு படி என்று ஏறிப் போன பிள்ளை அவர்.

1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் புக்கிட் மெர்த்தாஜாமில் விவசாயக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே ரம்லி தாமே கட்டிய ‘அஸிஸா’ என்ற பாட்டைப் பாடினார். கூட்டத்தில் ஒருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்தான் பி. எஸ். ராஜ்ஹான்ஸ். இந்தியாவிலிருந்து வந்த இயக்குநர். 1934-ஆம் ஆண்டு வெளிவந்த முதல் மலாய்ப் பேசும் படமான ‘லைலா மஜ்னுன்’ படத்தை எடுத்தவரும் இவரே. பையனின் குரல் அவருக்குப் பிடித்துப்போனது. சிங்கப்பூருக்கு வரச் சொன்னார். 19 வயதுப் பிள்ளை ரயில் ஏறியது.

குரல் அவருடையது, முகம் வேறொருவருடையது

சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் என்ற தெருவில் ஷா சகோதரர்களின் மலே பிலிம் புரொடக்ஷன்ஸ் படநிலையம் இருந்தது. சீன முதலாளிகளின் பணம், இந்திய இயக்குநர்களின் தொழில், மலாய்க் கலைஞர்களின் நடிப்பு, இந்த மூன்றும் கலந்த இடம் அது. இயக்குநர்கள் பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய ஊர்களின் சினிமாப் பழக்கங்களையும் கூடவே கொண்டு வந்திருந்தார்கள். அதில் முதல் பழக்கம், கதாநாயகன் என்றால் பார்த்த மாத்திரத்தில் அழகாய் இருக்க வேண்டும் என்பது. பாட வராவிட்டால் பரவாயில்லை, வேறு ஆளை வைத்துப் பாட வைத்துக்கொள்ளலாம். ஆனால் முகத்தை இரவல் வாங்க முடியாதே!

ரம்லியோ ஒல்லி. கன்னமெல்லாம் பரு, பரு போன இடத்தில் வடு. பளபளவென்று இருக்கிற நாயகன் முகம் இல்லை. ராஜ்ஹான்ஸ் அப்போது ‘சிந்தா’ என்ற படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அதில் நாயகன் ரூமாய் நோர். பார்க்க லட்சணமானவர், வாட்டசாட்டமானவர். நாயகனின் பாட்டுக்குக் குரல் கொடுக்கிற வேலை ரம்லிக்குக் கிடைத்தது. கூடவே வில்லன் வேஷமும் கிடைத்தது. படம் 1948-இல் வெளிவந்தது. கொட்டகையில் உட்கார்ந்திருந்த ஜனங்கள், அந்த அழகான நாயகன் வாய் திறந்தபோது வந்த பாட்டைக் கேட்டு உருகினார்கள். வில்லனைப் பார்த்து ஏசினார்கள். உருகியதும் ஏசியதும் ஒரே ஆளைத்தான் என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அதற்கப்புறம் ஒன்றிரண்டு வருஷம் இதே கதைதான். சின்னச் சின்ன வேஷம், துணை வேஷம், பின்னணிப் பாட்டு. வேறு ஆளாயிருந்தால் மனம் கசந்து பினாங்குக்கு மூட்டை கட்டியிருப்பார். ரம்லி அப்படிச் செய்யவில்லை. படநிலையத்தில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும் நெருங்கிப் போய்ப் பார்த்துக் கற்றார். கேமரா எப்படி நகர்கிறது, விளக்கை எந்தப் பக்கம் வைத்தால் முகம் எப்படித் தெரிகிறது, படத்தை எப்படி வெட்டி ஒட்டுகிறார்கள், எல்லாவற்றையும் கவனித்தார். அழகு என்பதில் பாதி விளக்குக்காரர் கையில் இருக்கிறது என்பது அங்கே வேலை செய்தவர்களுக்குத் தெரியும். ரம்லிக்கும் தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகியிருக்காது.

சினிமாக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதலாளி பணத்தைப் போடுகிறார். ஜனங்கள் அழகான முகத்துக்குத்தான் டிக்கெட் வாங்குவார்கள் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையின்படி ஆள் பொறுக்குகிறார்கள். ஜனங்களும் அதே முகங்களையே திரும்பத் திரும்பப் பார்த்துப் பார்த்து, அதுதான் அழகு, அதுதான் நல்லவன் முகம் என்று பழகிவிடுகிறார்கள். பருவும் வடுவும் இருந்தால் கெட்டவன். குட்டையோ குண்டோ இருந்தால் கோமாளி. சிவப்பாய், உயரமாய் இருந்தால் ராஜா. முதலாளி ஜனங்களைக் காட்டுகிறார், ஜனங்கள் படத்தைக் காட்டுகிறார்கள். செக்குமாடு சுற்றுகிற மாதிரி இது சுற்றிக்கொண்டே இருக்கும். யாராவது ஒருவர் துணிந்து நிறுத்தினால்தான் நிற்கும்.

நிறுத்தியவர் ஒரு தமிழர்

அப்படி நிறுத்தியவர் நம் இனத்தைச் சேர்ந்தவர் என்பது நமக்கெல்லாம் பெருமை. எல். கிருஷ்ணன் என்பது அவர் பெயர். 1922-ஆம் ஆண்டு சென்னையில் பிறந்து, சின்ன வயதிலேயே பினாங்குக்கு வந்து வளர்ந்தவர். சண்டைக்குப் பிறகு இந்தியாவுக்குப் போய்ச் சினிமாத் தொழில் கற்றுத் திரும்பினார். ஜாலான் அம்பாஸில் அவருக்குக் கிடைத்த முதல் படம் ‘பக்தி’. அதற்கு நாயகனைத் தேடினார். அவர் கண்ணில் பட்டவர் ரம்லி.

படநிலையத்தில் தயக்கம் இருந்தது. பரு முகத்தை வைத்துக்கொண்டு நாயகனா என்று யோசித்தார்கள். புது இயக்குநர், முதல் படம், கையில் அதிகாரம் அதிகம் கிடையாது. முதலாளி சொன்னதைக் கேட்டுக்கொண்டு போயிருந்தால் கிருஷ்ணனை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் பிடித்த பிடியில் நின்றார். நடிக்கத் தெரிந்தவன், பாடத் தெரிந்தவன், இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கும்போது ஒருவன் வாயசைக்க இன்னொருவன் மறைவில் நின்று பாடுவது எதற்கு என்பது அவருடைய எண்ணம்.

‘பக்தி’ 1950-இல் வெளிவந்தது. நாயகி காஸ்மா பூட்டி. ரம்லி நாயகனாக நடித்து, தம் பாட்டைத் தம் குரலிலேயே பாடினார். குரலும் முகமும் முதன்முறையாக ஒன்று சேர்ந்தன. ஜனங்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போய்விடவில்லை. ஏற்றுக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

இங்கே நாம் ஒன்றை யோசிக்க வேண்டும். ‘சிந்தா’ படத்தில் இருந்த அதே முகம்தான் ‘பக்தி’ படத்திலும் இருந்தது. பரு மறைந்துவிடவில்லை, வடு மாறிவிடவில்லை. பார்த்தவர் மாறினார், அவ்வளவுதான். கிருஷ்ணன் 2014-ஆம் ஆண்டு காலமானார். மலாய்ப் படவுலகில் அவர் செய்த காரியங்கள் எத்தனையோ உண்டு. ஆனாலும் ரம்லிக்கு நாயகன் வேஷம் கொடுத்த அந்த ஒரு காரியத்துக்காகவே அவர் பெயர் நிலைத்திருக்கும்.

ரிக்ஷாக்காரனும் ஹாங் துவாவும்

1955-இல் ரம்லிக்குப் படம் இயக்க வாய்ப்பு வந்தது. எந்தக் கதையை எடுத்தார் தெரியுமா? ‘பெனாரிக் பெச்சா’, அதாவது ரிக்ஷாக்காரன். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி ஏழை ரிக்ஷாக்காரனை விரும்புகிற கதை. ரிக்ஷாக்காரனாக ரம்லியே நடித்தார். அழுக்குச் சட்டையும் வேர்வையுமாக வருகிற ஆள்தான் அந்தப் படத்தின் நாயகன். பணக்கார வீட்டுத் தகப்பன் ஆளின் உடுப்பைப் பார்த்து எடை போடுகிறான். மகளோ குணத்தைப் பார்த்து எடை போடுகிறாள். உழைக்கிற ஜனங்கள் அந்தப் படத்தைத் தங்கள் படமாகவே நினைத்துப் பார்த்தார்கள்.

அடுத்த வருஷம் ‘ஹாங் துவா’. வங்காளத்துக்காரரான பானி மஜும்தார் இயக்கிய வண்ணப் படம். மலாய்ச் சரித்திரத்தின் மாபெரும் வீரனாக நடிக்க ரம்லியைத்தான் போட்டார்கள். நாயகனுக்கு ஏற்ற முகம் இல்லை என்று சொல்லி எட்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அதே மஜும்தார் இயக்கிய ‘அனாக்கு சஸாலி’ படத்தில் பாசமுள்ள தகப்பனாகவும், கெட்டுப்போன மகனாகவும் இரட்டை வேஷம் போட்டார். 1957-ஆம் ஆண்டு தோக்கியோவில் நடந்த ஆசியப் பட விழாவில் அதற்காகச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. 1963-இல் மீண்டும் தோக்கியோ விழாவில், பல துறையிலும் வல்லவர் என்று அவருக்குத் தனி விருது கொடுத்தார்கள்.

படநிலையத்தில் வேலை செய்தவர்களின் பாட்டையும் சொல்ல வேண்டும். சுவரொட்டியில் முகம் வந்தவர்கள் சிலர். வராதவர்கள் பலர். கூட்டத்தில் நிற்கிறவர்கள், விளக்குத் தூக்குகிறவர்கள், சின்ன வேஷக்காரர்கள், இவர்கள் இல்லாமல் ஒரு படமும் ஓடாது. 1954-இல் கலைஞர்கள் சேர்ந்து பெர்சாமா என்ற சங்கத்தை அமைத்தார்கள். அதன் தலைமைப் பொறுப்பில் ரம்லி இருந்தார். 1957-இல் ஜாலான் அம்பாஸில் சம்பளப் பிரச்சினை எழுந்தது. சிலரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். வேலைநிறுத்தம் வந்தது. வெளியே கனவு உலகமாகத் தெரிந்த இடம், உள்ளே நம் தோட்டம் போல ஒரு வேலைத்தலம்தான் என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கியது.

கூனனும் மூன்று கிழட்டுப் பிரம்மசாரிகளும்

முகத்தைப் பார்த்து ஆளை ஒதுக்குகிற வழக்கத்தை ரம்லி மறக்கவில்லை. தாம் பெரிய ஆளான பிறகும் அதையே திரும்பத் திரும்பப் படமாக எடுத்தார். 1958-இல் வந்த ‘சும்பா ஓராங் மிஞாக்’ படத்தைப் பாருங்கள். ஒரு கூனன். முகம் அவலட்சணம். கையிலே நல்ல திறமை. ஊர் ஜனங்கள் அவனைக் கேலி செய்கிறார்கள், அடித்துத் துரத்துகிறார்கள். அவனுக்கு ஒரு வரம் கிடைக்கிறது. அழகான முகம் வேண்டும் என்று கேட்கிறான். கிடைக்கிறது. ஆனால் பழி வாங்கக் கூடாது என்ற கட்டளையும் கூடவே வருகிறது. பட்ட அவமானம் மனசுக்குள் புகைந்துகொண்டே இருக்கிறது. கட்டளையை மீறுகிறான், அழிந்துபோகிறான். அந்தக் கூனனாக நடித்தவர் ரம்லியேதான். ஜனங்கள் இதைப் பேய்ப் படம் என்று பார்த்தார்கள். எங்களுக்கோ அது, முகத்துக்காக ஒருவனைக் கேலி செய்தால் அவன் மனசு என்ன ஆகும் என்று சொல்கிற படமாகத்தான் தெரிகிறது.

இதையே சிரிக்கச் சிரிக்கவும் சொன்னார். ரம்லி, எஸ். சம்சுடின், அஸிஸ் சத்தார் மூவரும் சேர்ந்து நடித்த ‘புஜாங் லாப்போக்’ படங்களை மறக்க முடியுமா? கல்யாணம் ஆகாமல் வயது ஏறிப்போன மூன்று பேர். மூவரில் ஒருவருக்கும் நாயகன் களை கிடையாது. அப்படியும் முழுப் படத்தையும் அவர்கள்தான் தூக்கி நிறுத்துகிறார்கள். 1961-இல் வந்த ‘செனிமான் புஜாங் லாப்போக்’ படத்தில் இந்த மூவரும் நடிகர்களாக வேண்டும் என்று ஜாலான் அம்பாஸ் படநிலையத்துக்கே வேலை கேட்டுப் போகிறார்கள். வாசலில் நிற்கிற காவல்காரர் இவர்கள் மூஞ்சியைப் பார்த்துவிட்டுக் கேலி செய்கிறார். நாமெல்லாம் விழுந்து விழுந்து சிரித்த காட்சி அது. 1948-இல் அதே வாசலுக்குள் நுழைந்த 19 வயதுப் பையனை நினைத்துக்கொண்டு அந்தக் காட்சியை மறுபடி பார்த்தால், சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

1966-இல் தொடங்கிய ‘டோ ரே மி’ படங்களிலும் இப்படித்தான். அவரோடு நடித்த ஏ. ஆர். தொம்பெல் என்பவரின் பெயரைக் கவனியுங்கள். தொம்பெல் என்றால் மலாயில் உடம்பிலுள்ள மறு. மற்றவர்கள் குறை என்று சொல்வதையே பெயராக வைத்துக்கொண்டு புகழ் வாங்கினார் அந்த மனிதர்.

பெண்களுக்கு அந்தச் சலுகை இல்லை

பெரிய மனிதர் என்பதற்காக உள்ளதை மறைக்கக் கூடாது. ஆண்களுக்கு ரம்லி திறந்துவிட்ட கதவு பெண்களுக்குத் திறக்கவில்லை. அவர் படங்களில் நாயகன் பரு முகமாக இருக்கலாம், அழுக்குச் சட்டை போடலாம், வயது ஏறிப்போன பிரம்மசாரியாகவும் இருக்கலாம். நாயகி மட்டும் அழகியாகத்தான் இருக்க வேண்டும். ‘பெனாரிக் பெச்சா’வில் சாடியா, ‘இபு மெர்த்துவாக்கு’வில் சரிமா என்று பாருங்கள், எல்லாரும் பார்த்த கண்ணை எடுக்க முடியாத அழகிகள். திறமைசாலிகள்தான், மறுக்கவில்லை. ஆனால் திறமை இருந்து அழகு இல்லாத பெண் எங்கே போனாள்?

இது ரம்லியின் குற்றம் மட்டும் அல்ல. அந்தக் காலத்துப் படவுலகமே அப்படி. 1957-இல் போட்டி நிறுவனமான கேத்தே கெரிஸ் ‘பொந்தியானாக்’ என்ற பேய்ப் படத்தை எடுத்தது. இந்தியாவிலிருந்து வந்த பி. என். ராவ் இயக்கினார். கதையில் ஓர் அவலட்சணமான கூனிப் பெண் வருகிறாள். பிறகு அவள் அழகியாக மாறுகிறாள். அந்த வேஷத்தை யாருக்குக் கொடுத்தார்கள்? ஊரறிந்த அழகியான மரியா மெனாடோவுக்கு! அழகிக்கு ஒப்பனை போட்டு அவலட்சணம் ஆக்கினார்கள். கூனி வேஷம்கூட அழகிக்குத்தான் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. ‘பெனாரிக் பெச்சா’வில் வில்லனாக வந்த சாலே காமில், படத்துக்குப் படம் வில்லனாகவே வந்துகொண்டிருந்தார். முரட்டு முகம் என்றால் கெட்டவன் என்ற கணக்கை ரம்லியாலும் முழுசாக உடைக்க முடியவில்லை. வில்லன் வேஷத்திலிருந்து தப்பி வந்தவரே இன்னொருவரை அதிலே நிறுத்தினார். கண்ணுக்குப் பழகிப்போனதை விடுவது அவ்வளவு சுலபமில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கடைசிக் காலம்

1964-இல் ரம்லி கோலாலம்பூருக்கு வந்தார். உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா படநிலையத்தில் வேலை. ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1963 முதல் வீட்டுக்குள் டிவி வந்துவிட்டது. இந்தோனேசியாவோடு ஏற்பட்ட தகராறினால் அங்கே போய்க்கொண்டிருந்த மலாய்ப் படங்களின் வியாபாரம் படுத்துவிட்டது. வெளிநாட்டு வண்ணப் படங்கள் குவிந்தன. உலு கிளாங்கிலோ குறைந்த செலவில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கத்தான் வழி இருந்தது. ஜாலான் அம்பாஸ் படநிலையமும் 1967-இல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் ரம்லி முகத்தைப் பார்க்கக் கொட்டகை வாசலில் அடிபிடியாக நின்ற ஜனங்கள், இப்போது புது முகம் தேடிப் போனார்கள்.

1972-இல் வந்த ‘லக்சமானா டோ ரே மி’ அவருடைய கடைசிப் படம். 1973-ஆம் ஆண்டு மே 29-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 44-தான். 60-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்து, 30-க்கும் மேற்பட்ட படங்களை இயக்கி, 200-க்கும் மேற்பட்ட பாட்டுகளைக் கொடுத்த மனிதர் பெரிய சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை. மனைவி சலோமாவும் புகழ் பெற்ற பாடகி. அவர் 1983-இல் காலமானார்.

மரியாதை எல்லாம் பிறகு வந்தது. 1982-இல் கோலாலம்பூரின் ஒரு முக்கியமான சாலைக்கு அவர் பெயரை வைத்தார்கள். 1986-இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லம் ஆனது. 1990-இல் டான் ஸ்ரீ பட்டம் கொடுத்தார்கள். மூஞ்சி சரியில்லை என்று சொன்ன உலகம், அதே மூஞ்சியைத் தபால்தலையிலும் சுவரிலும் அச்சடித்துக் கும்பிட்டது. உயிரோடு இருந்தபோது பாதி செய்திருந்தாலும் போதுமே!

நமது பிள்ளைகளுக்காக

சரி, இதெல்லாம் பழைய கதை, இப்போது நிலைமை மாறிவிட்டது என்று சிலர் நினைக்கலாம். அவ்வளவாக மாறவில்லை. பெரிய பணம் போட்டு எடுக்கிற படங்களில் இன்றைக்கும் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். தமிழ் பேசத் தெரியாத சிவப்புப் பெண்ணைக் கூட்டி வந்து, வேறொரு பெண்ணைப் பேச வைத்து ஒட்டுகிறார்கள். ‘சிந்தா’ படத்தில் நடந்ததுதான் இது. ஆண் பெண் வேறுபாடு மட்டும்தான் வித்தியாசம்.

ஆனால் சின்ன முதலில், முதலாளி தயவில்லாமல் எடுக்கிற படங்களில் வேறு காற்று அடிக்கிறது. 2015-இல் நம் நாட்டில் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’ என்ற தமிழ்ப் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தோட்டத்தை விட்டு வெளியேறிய நம் குடும்பங்களின் கதை. அதில் வருகிற முகங்கள் நம் வீட்டு முகங்கள்தான். கறுத்த முகம், காய்ந்த முகம், வேலை செய்து களைத்த முகம். அடுத்த வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் நாட்டின் சிறந்த படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. பெரிய பணம் இல்லாத இடத்தில் அழகு முகத்துக்குச் செலவழிக்க வழி இல்லை. கதைக்குப் பொருந்துகிற முகத்தைத் தேடுகிறார்கள். ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் என்ற பயம் 1950-லும் பொய், 2015-லும் பொய்.

சினிமா முதலாளிகளை நாம் மாற்ற முடியாது. ஆனால் வேஷம் பிரிக்கிற வேலை அவர்களிடம் மட்டுமா இருக்கிறது? தமிழ்ப் பள்ளியில் ஆண்டுவிழா நடக்கும்போது மேடையின் முன்வரிசையில் எந்தப் பிள்ளையை நிறுத்துகிறோம்? கோயில் நாடகத்தில் அம்மன் வேஷத்தை யாருக்குக் கொடுக்கிறோம்? நிறம் குறைந்த பெண் பிள்ளையைப் பின்வரிசைக்குத் தள்ளும்போது அந்தப் பிள்ளையின் முகத்தை யாராவது பார்க்கிறோமா? வீட்டிலேயே கறுப்பி என்றும் கட்டையன் என்றும் பெயர் வைத்துக் கூப்பிட்டுச் சிரிக்கிறோமே, அது எங்கே போய்த் தைக்கும் என்று யோசித்தோமா?

எங்கள் தோட்டத்து அண்ணன் இப்போது பேரப்பிள்ளை எடுத்துவிட்டார். ஒரு கல்யாண வீட்டில் அவரைப் பார்த்தோம். ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்டோம். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்துவிட்டார். அவரை முன்னால் நிறுத்த எல். கிருஷ்ணன் மாதிரி ஓர் ஆள் அன்றைக்கு எங்கள் தோட்டத்தில் இல்லை. நாங்களும் அப்படி இருக்கவில்லை. வேஷம் பிரிக்கிற வேலை இனி நமது கைக்கு வரும்போது, முதலில் பிள்ளையைப் பாடச் சொல்லிக் காதால் கேட்போம். முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.